மேடிசன் கவுண்டியில் 11 ஏக்கர்: தற்சார்பு வாழ்க்கைக்கும் அவசர காலத்துக்கும் தாங்குமா?

சார்லட்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். அம்மா எங்களோடு இருக்கிறார், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

நிலம் வாங்கி, முதலில் வார இறுதிகளில் போய் வந்து, பிறகு நிரந்தரமாகக் குடிபோக எண்ணம். காய்கறி, கோழி, நாலு ஆடு. சாப்பாட்டில் பாதியாவது எங்கள் கையால் விளைய வேண்டும். மின்சாரம், கடை, சாலை எல்லாம் சில வாரம் நின்றுபோனாலும் குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்த இரண்டும்தான் தேவை.

மனதில் இருப்பது மேடிசன் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). ஆஷ்வில்லுக்கு வடக்கே, டென்னசி எல்லையை ஒட்டியது. அங்கே 11 ஏக்கர் விற்பனைக்கு வந்திருக்கிறது. பெரும்பகுதி காட்டுச் சரிவு. கீழே ஓடையோரம் ஒன்றரை ஏக்கர் போலச் சமநிலம், ஒரு ஊற்று. தார்ச்சாலையிலிருந்து தனியார் சரளைப் பாதை, அதில் ஓடையைக் கடக்க ஒரு சின்னப் பாலம். அக்கம்பக்கத்து விலையைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். 2024 ஹெலீன் புயலுக்கு அப்புறம் இந்தக் கவுண்டியை நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடப்பிரியன்:

நல்ல தேர்வு. தைரியமாகப் பாருங்கள்.

ஒரு கவுண்டியை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது தண்ணீர்ச் சட்டம். மேற்கு மாநிலங்களில் நிலம் மலிவு, ஆனால் தண்ணீர் உரிமை பெரும்பாலும் நிலத்தோடு வராது. யார் முதலில் எடுக்க ஆரம்பித்தாரோ அவருக்கே முன்னுரிமை. கொலராடோவில் கூரையில் விழும் மழையைப் பீப்பாயில் பிடிக்கவே 2016இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன். வட கரோலினாவில் ஓடை உங்கள் நிலத்தைத் தொட்டு ஓடினால் அதை நியாயமான அளவில் பயன்படுத்தும் உரிமை நிலத்தோடேயே வருகிறது. இது பெரிய விஷயம்.

அடுத்தது நெரிசல். மேடிசனில் 2020 கணக்கெடுப்பின்படி 21,193 பேர், பரப்பு ஏறக்குறைய 450 சதுர மைல். சதுர மைலுக்கு 47 பேர்தான். பக்கத்து பன்கம் கவுண்டியில் 2,69,452 பேர். அணுமின் நிலையங்கள் என்று பார்த்தால் தெற்கு கரோலினாவின் ஒகோனி, டென்னசியின் வாட்ஸ் பார் இரண்டும் தூரத்தில் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் டென்னசியின் எர்வினில் கடற்படை உலைகளுக்கு எரிபொருள் தயாரிக்கும் ஆலை இருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் உள்ளூர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது, தலைமையகம் கவுண்டித் தலைநகர் மார்ஷலிலேயே. விறகுக்குப் பஞ்சமில்லை. மழை போதும். கோடை கொளுத்தாது.

என் கணக்கில் 10க்கு 8.

குன்னூர்க்காரன்:

நான் மண் பொறியியல் படித்தவன், ஆஷ்வில் பக்கம் வசிக்கிறேன். வரைபடப்பிரியன் சொன்ன தண்ணீர்ச் சட்டம் சரி, மக்கள்தொகைக் கணக்கும் சரி. ஆனால் 10க்கு 8 என்று மொத்தக் கவுண்டிக்கும் ஒரே மதிப்பெண் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மலை மாவட்டத்தில் ஒரு மைல் தள்ளினால் வேறு உலகம். தம்பி வாங்கப்போவது 11 ஏக்கர், அதற்குள் போக ஒரே ஒரு பாதை.

ஹெலீனுக்கு முன்புவரை ஆஷ்வில் வட்டாரத்தைப் பருவநிலை மாற்றத்தில் தப்பிக்க ஏற்ற புகலிடம் என்று சொல்லி வீடு விற்றார்கள். கடல் தூரம், உயரம் அதிகம், வெயில் குறைவு. எல்லாம் உண்மைதான். 2024 செப்டம்பர் 25, 26இல் புயல் வருவதற்கு முன்னாலேயே கனமழை கொட்டி மண் ஊறிப்போனது. 27 காலை புயல் மழை அதன் மேல் விழுந்தது. யான்சி கவுண்டியின் பியூசிக்கில் மொத்தம் 30 அங்குலத்துக்கு மேல். பிரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு ஏறியது. அதற்கு முந்தைய உச்சம் 1916 ஜூலை வெள்ளத்தின் 23.1 அடி. ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் மார்ஷல்தான் மேடிசனின் தலைநகர். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுக்கமாகக் கட்டிய ஊர், கடைவீதி முழுக்கத் தண்ணீரும் சேறும்.

சாலையைப் பாருங்கள். மேற்கே போகும் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளும் அறுந்தன. ஐ-40 பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடிந்து, 2025 மார்ச் 1இல்தான் பக்கத்துக்கு ஒரு தடமாகத் திறந்தது. ஐ-26 எர்வின் அருகே நோலிசக்கி ஆற்றுப் பாலங்களை இழந்தது. மேற்கு வட கரோலினாவின் எல்லாச் சாலைகளும் மூடப்பட்டதாகவே கருதுங்கள் என்று மாநிலப் போக்குவரத்துத் துறையே அறிவித்தது. ஆஷ்வில் நகரக் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் மறுபடி வந்தது நவம்பர் 18இல், 53 நாள் கழித்து.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன். செங்குத்துச் சரிவுகளுக்குக் கீழே, ஓடையோரமாக ஒன்றரை ஏக்கர் சமநிலம். மலையில் ஒரு இடம் சமமாக இருந்தால் அது எப்படிச் சமமானது என்று முதலில் கேட்க வேண்டும். மேலே உள்ள மடிப்புகளில் மழைநீர் சேர்ந்து, மண் இளகி, மரமும் பாறையும் சேறுமாக ஓடை வழியே இறங்கி, சரிவு குறையும் இடத்தில் விசிறி போலப் பரவி நிற்கும். எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பல தடவை அப்படி வந்து படிந்ததுதான் பல இடங்களில் அந்த அழகான சமநிலம். 2004 செப்டம்பரில் ஐவன் புயலின்போது மேக்கன் கவுண்டியின் பீக்ஸ் கிரீக்கில் இப்படி வந்த நிலச்சரிவு 2 மைலுக்கு மேல் ஓடி 5 பேரைக் கொன்றது. ஹெலீனுக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நாம் பார்த்ததும் இதே வகைதான். நீலகிரியில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது ஏட்டறிவு மட்டும் இல்லை.

அந்த நிலம் கட்டாயம் அப்படிப்பட்டதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு கட்ட நீங்கள் மனதில் வைத்திருப்பது அந்தச் சமநிலம்தானே?

சார்லட்வாசி:

ஆமாம் சார், அங்கேதான். வேறு எங்கும் வண்டி நிறுத்தக்கூட இடம் இல்லை. ஆனால் ஃபீமா எனும் மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பின் வெள்ள வரைபடத்தில் பார்த்துவிட்டேன், நிலத்தின் எந்தப் பகுதியும் வெள்ள மண்டலத்தில் வரவில்லை. தரகரும் அதைத்தான் காட்டினார்.

குன்னூர்க்காரன்:

வரைபடத்தில் இல்லை என்றால் வெள்ளம் வராது என்று அர்த்தம் இல்லை தம்பி. அந்த ஓடையை யாரும் அளக்கவே இல்லை என்றும் இருக்கலாம். பொதுவாக ஒரு சதுர மைலுக்குக் குறைவான நீர்ப்பிடிப்பு உள்ள சின்ன ஓடைகளை அந்த வரைபடங்களில் சேர்ப்பதில்லை. மலையில் வீடுகளை அடித்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த மாதிரி பெயர் தெரியாத ஓடைகள்தான். இன்னொன்று, நிலச்சரிவு அந்த வரைபடத்தின் வேலையே இல்லை.

நிலச்சரிவுக்குத் தனி வரைபடம் உண்டு. 2004 புயல்களுக்குப் பிறகு மாநில நிலவியல் துறை கவுண்டி கவுண்டியாகத் தயாரிக்க ஆரம்பித்தது. 2011இல் நிதியை நிறுத்தினார்கள், 2018இல் மறுபடி தொடங்கியது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஹெலீனில் நடந்த 2,000க்கு மேற்பட்ட சரிவுகளை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். அப்புறம் லைடார் எனும் லேசர் அளவை எடுத்த நிழல் வரைபடம். மரங்களை நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டும். ஓடை வாயில் விசிறி வடிவம், சரிவில் கிண்ணம் கவிழ்த்து எடுத்தது போன்ற பள்ளம், பழைய மரவெட்டுப் பாதைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

நேரில் போனால் ஓடைக்கரை அறுந்திருக்கும் இடத்தில் மண்ணைப் பாருங்கள். ஆற்று மணல் அடுக்கடுக்காக இருந்தால் அது ஒரு கதை. சேற்று மண்ணுக்குள் பெரிய சின்னப் பாறைகள் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் அது மேலே இருந்து வந்து படிந்தது.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் நொந்துபோனார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் ஏற்காது, நிலம் நகர்வதையும் ஏற்காது. வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதிலும் நிலச்சரிவுக்கு இடமில்லை. தண்ணீராக ஓடிவந்த சேறு என்றால் உண்டு, மண் சரிந்தது என்றால் இல்லை. எது எந்த வகை என்பதில்தான் தகராறு வரும்.

கிணற்றடி:

ஊற்று இருக்கிறது என்றதும் சந்தோஷப்படுகிறவர்களுக்கு என் பங்கு.

அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் உண்டு, அதனால் ஊற்று வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வறண்ட அக்டோபரில் அது எவ்வளவு ஊறுகிறது, மேலே யாருடைய மாடு மேய்கிறது, யாருடைய செப்டிக் தொட்டி இருக்கிறது என்று தெரியாமல் குடிநீருக்கு நம்பக் கூடாது. தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் ஊற்று, வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு என்று வையுங்கள். 2008 ஜூலையிலிருந்து புதுக் கிணற்றுக்குக் கவுண்டி சுகாதாரத் துறையின் அனுமதியும் தண்ணீர்ப் பரிசோதனையும் கட்டாயம். செப்டிக்கிலிருந்து பொதுவாக 100 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கரில் வீடு, கிணறு, செப்டிக், அதற்கு மாற்று இடம், ஓடையிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து பாருங்கள். இடம் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தெரியும்.

அங்கே பாறையில் துளை போடுகிறார்கள், சில நூறு அடி போக வேண்டும். அவ்வளவு ஆழத்திலிருந்து கையால் எப்படி இறைப்பது என்று கேட்பார்கள். துளையின் ஆழம் வேறு, தண்ணீர் நிற்கும் மட்டம் வேறு. 400 அடி துளையில் தண்ணீர் 60 அடியிலேயே ஏறி நிற்கலாம். ஆழ்கிணற்றுக் கைப்பம்புக்கு அந்த மட்டம்தான் கணக்கு. 6 அங்குலத் துளையில் ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய ஒன்றரை காலன் நிற்கும். 200 அடி தண்ணீர் நின்றால் 300 காலன் தொட்டி நிலத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தோண்டியவர் அரசுக்குக் கொடுக்கும் ஜி.டபிள்யூ-1 படிவத்தில் இந்த மட்டமும் ஊறும் அளவும் இருக்கும். பக்கத்து நிலங்களின் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செப்டிக் அனுமதி கிடைத்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். செப்டிக்கிலிருந்து வரும் கழிவுநீரை மண் உறிஞ்சாவிட்டால் அனுமதி கிடைக்காது, 11 ஏக்கரும் வெறும் காடுதான்.

வெள்ளாட்டுப்பட்டி:

நான் சாதம் (Chatham) கவுண்டியில் ஆடு வளர்க்கிறேன், மாநிலத் தலைநகர் ராலிக்கு மேற்கே. மேடிசனில் தோழி ஒருத்தி பண்ணை வைத்திருக்கிறாள், அவளிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மேடிசன் பர்லி என்ற வகைப் புகையிலை விளைந்த பழைய நாடு. யார் எவ்வளவு பயிரிடலாம் என்ற அரசின் ஒதுக்கீட்டு முறையை 2004இல் ஒழித்த பிறகு பலரும் பயிரை விட்டுவிட்டார்கள், புகையிலை உலர்த்திய கொட்டகைகள் மட்டும் இன்றும் நிற்கின்றன. நிலம் பார்க்கப் போகும்போது அந்தக் கொட்டகைகளைக் கவனியுங்கள். மூன்று தலைமுறை உழுத மண் பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். மற்ற இடங்களில் புளித்த, அதாவது அமிலம் கூடிய களிமண், சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும். மண்ணை ராலியில் உள்ள மாநில வேளாண்மைத் துறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இலவசம், டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு மாதிரிக்கு 4 டாலர். கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் பெட்டியும் படிவமும் தருவார்கள்.

ஓடையோரச் சமநிலத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. குளிர்ந்த காற்று கனம், ராத்திரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். சரிவின் நடுவில் உறைபனி விழாத அன்றைக்கும் அடிவாரத்தில் விழும். தெற்கே போல்க் கவுண்டியில் டிரையன் பக்கம் மலைச்சரிவின் நடுப்பகுதியை வெப்பப் பட்டை என்றே சொல்வார்கள், பழத்தோட்டங்களுக்குப் பேர்போன இடம். உங்கள் இடத்தில் உயரத்தைப் பொறுத்து மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனிக்குத் தயாராக இருக்க வேண்டும். வெண்டை, கத்தரி, பாகல் எல்லாம் கோடையில் காய்க்கும், ஆனால் நாற்றை உள்ளே வளர்த்துத்தான் நட வேண்டும். முருங்கை குளிர்காலத்தைத் தாங்காது, கறிவேப்பிலை தொட்டியில் வீட்டுக்குள். அவரை, உருளை, கோஸ், சோளம், பூசணி, ஆப்பிள் இவைதான் அந்த ஊருக்கு இயல்பான சாப்பாடு. பாதிச் சாப்பாடு விளைவிக்க வேண்டும் என்றால் நம் சமையலை அந்த மண்ணுக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆடு பற்றி: குளிரைவிட ஈரம்தான் எதிரி. குடலில் ரத்தம் உறிஞ்சும் புழு, ஹீமாங்கஸ், இந்தத் தென்கிழக்கு முழுக்க உண்டு. கண் இமையைத் திருப்பி நிறம் பார்த்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கப் பழகுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால் கொஞ்ச நாளில் மருந்துக்கே புழு சாகாது. ஒரே இடத்தில் மேய விடாமல் மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும், அதற்குத்தான் இடம் வேண்டும். ஆடு காட்டுச் செடியைத் தலை நிமிர்ந்து மேய்ந்தால் புழு குறைவு, அந்த வகையில் மலைச்சரிவு நல்லதுதான். கரடி நிறைய. கோழிக்கும் தேன்பெட்டிக்கும் மின்வேலி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வரி: மாநிலத்தில் விவசாய நிலத்துக்குப் பயன்பாட்டு மதிப்பில் வரி போடும் சலுகை உண்டு. பயிர், கால்நடைக்குக் குறைந்தது 10 ஏக்கர், காய்கறி, பழத்துக்கு 5 ஏக்கர், காட்டுக்கு 20 ஏக்கர் சாகுபடியில் இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சராசரியாக ஆண்டுக்கு 1,000 டாலர் விற்பனையும் காட்ட வேண்டும். ஒன்றரை ஏக்கர் சமநிலத்தை வைத்துக்கொண்டு இது எட்டாது. முந்தைய உரிமையாளர் அந்தச் சலுகையில் இருந்திருந்தால், தகுதி இழந்ததும் பழைய மூன்று வருட வரி வட்டியோடு திரும்பி வரும். அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் மலையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள். நிலம் மெதுவாக ஏறி இறங்கும், டிராக்டர் கவிழாது. கேரி, மோரிஸ்வில் பக்கத்தில் கோயிலும் நம் கடைகளும் இருக்கின்றன.

வரைபடப்பிரியன்:

அக்கா, சாதம் கவுண்டியின் ஒரு பகுதி ஷீரன் ஹாரிஸ் அணுமின் நிலையத்தின் 10 மைல் அவசரத் திட்ட வட்டத்துக்குள் வருகிறது. 2025 ஜூலையில் சான்டல் புயல் மழையில் ஹா ஆறும் ஈனோ ஆறும் எப்படிக் கரைபுரண்டன என்று பார்த்தோமே. 1996இல் ஃபிரான் புயல் ராலியையே புரட்டிப்போட்டது. வெள்ளம் வராத இடம் தேடினால் மாநிலத்தில் இடமே கிடைக்காது. அதனால்தான் நான் ஆள் நெரிசலுக்கு முதல் இடம் கொடுக்கிறேன். பஞ்சம் வந்தால் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து.

வெள்ளாட்டுப்பட்டி:

வெள்ளம் எங்களுக்கும் வரும், மறுக்கவில்லை. கிழக்குச் சாதத்தின் களிமண்ணில் பல நிலங்களுக்குச் செப்டிக் அனுமதியே கிடைக்காது, கிணறும் சரியாக ஊறாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் ஒரு பாலம் போனால் சுற்றிப்போக வேறு வழி இருக்கும். மலைப் பள்ளத்தில் ஒரே வழிதான்.

நெரிசல் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹெலீன் வந்தபோது அங்கே ஆபத்து மனிதர்களிடமிருந்து வரவில்லை. மனிதர்கள்தான் காப்பாற்றினார்கள். அறுவைரம்பம் எடுத்துக்கொண்டு முதலில் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். கோவேறு கழுதைகள் மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

மருந்துப்பெட்டி:

ஆஷ்வில் வட்டாரத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். சார்லட்வாசி அண்ணா, உங்கள் பதிவில் நான் முதலில் கவனித்தது உங்கள் அம்மாவின் இன்சுலின்தான்.

மேடிசன் கவுண்டிக்குள் மருத்துவமனை கிடையாது. ஹாட் ஸ்பிரிங்ஸ் சுகாதாரத் திட்டம் 1971இலிருந்து மருத்துவ மையங்கள் நடத்துகிறது, நல்ல சேவை. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் என்றால் ஆஷ்வில் போக வேண்டும். மார்ஷலிலிருந்து வழக்கமான நாளில் அரை மணி நேரம். அதோடு உங்கள் சரளைப் பாதையின் நேரத்தையும், பனி உறைந்த நாளின் நேரத்தையும் கூட்டுங்கள். வடக்குப் பார்த்த சரிவில் பாதை இருந்தால் வெயில் படாமல் பனி நாள்கணக்கில் கிடக்கும். ஆம்புலன்ஸ் அந்தப் பாலத்தில் ஏறுமா என்று உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பாலத்தையும் தெரியும். "அங்கே எங்கள் வண்டி வராது" என்று அவர்கள் சொன்னால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம்.

இன்சுலின்: பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலான வகைகளில் 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய 28 நாள் தாங்கும். திறக்காத இருப்புக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறையவும் கூடாது. 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி ஒன்று நாளுக்கு அரை யூனிட் மின்சாரம் போலத்தான் எடுக்கும். ஒரு பேட்டரி, இரண்டு சூரியத் தகடு போதும். வீடு முழுக்க ஜெனரேட்டர் ஓட்டத் திட்டமிடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டாக்டரிடம் பேசி 90 நாள் மருந்துச் சீட்டு வாங்குங்கள்.

அப்புறம் தொடர்பு. ஹெலீன் சமயத்தில் கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்து அவசர உதவி எண்ணான 911க்கே கூப்பிட முடியாத இடங்கள் இருந்தன. மவுண்ட் மிட்செல் மலை மேல் இருக்கும் அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் (தனி ஆட்களின் வானொலிப் பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் கருவி) வழியாகத்தான் பலருடைய செய்தி வெளியே வந்தது. அந்த ரேடியோவில் பேச முதல் நிலை உரிமத் தேர்வில் 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. உங்கள் பிள்ளைகளும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது.

நான் பார்த்தவரை, அந்த வாரங்களில் நன்றாகச் சமாளித்தவர்கள் அதிகம் சேமித்து வைத்தவர்கள் மட்டும் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்காரருக்குப் பெயர் தெரிந்தவர்கள். இந்தப் பாட்டிக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நிலையத்தில் யாருக்காவது தெரிந்திருந்தது, அங்கே முதலில் போனார்கள். புதிதாக வருகிறவர்கள் நிலம் வாங்கிய கையோடு நிலையத்தின் விருந்துக்குப் போங்கள், ஒரு பாத்திரம் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு போங்கள், தன்னார்வலராகச் சேருங்கள். தோல் நிறம் வேறு, பேச்சு வேறு என்று தயங்க வேண்டாம். வேலை செய்ய வருகிறவரை அந்த மலைக்காரர்கள் மறப்பதில்லை.

சார்லட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், விவரம் எழுதுகிறேன்.

பாலம்: பழைய இரும்புத் தண்டவாளத்தின் மேல் பலகை. ஹெலீனில் ஒரு பக்கக் கரை அரித்துப்போய், பிறகு மண் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மூன்று குடும்பங்கள் அந்தப் பாதையைப் பயன்படுத்துகின்றன. போக வர உரிமை பத்திரத்தில் இருக்கிறது, ஆனால் பாதையையும் பாலத்தையும் யார் பராமரிப்பது என்று எழுத்தில் எதுவும் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் கேட்டேன். பெரிய வண்டியை அந்தப் பாலத்தில் ஏற்ற மாட்டோம் என்று நேரடியாகச் சொன்னார்கள்.

கரை அறுந்த இடத்தில் குன்னூர்க்காரன் சார் சொன்னது அப்படியே இருந்தது. சேற்று மண்ணுக்குள் கார் இன்ஜின் அளவுப் பாறைகள். லைடார் வரைபடத்தில் விசிறி தெரிகிறது, சமநிலம் முழுவதும் அதன் மேல்தான்.

அந்த நிலம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் கவுண்டியைக் கைவிட மனம் வரவில்லை. நிலையத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் மார்ஸ் ஹில் பக்கம் இன்னொரு இடம் சொன்னார். 7 ஏக்கர், மாநிலம் பராமரிக்கும் சாலையை ஒட்டியது, பழைய புகையிலைக் கொட்டகை நிற்கிறது, தெற்குப் பார்த்த மிதமான சரிவு, ஓடை கிடையாது. விலை அதிகம். வீடு கட்ட ஒரு மேடை மாதிரி ஏற்கெனவே சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மா கொட்டகையைப் பார்த்துவிட்டு ஆட்டுக்கு இடம் தயார் என்கிறார்.

குன்னூர்க்காரன்:

கேட்கவே நன்றாக இருக்கிறது. மாநிலச் சாலையை ஒட்டி இருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஹெலீனுக்குப் பிறகு அரசுச் சாலைகளை வரிசையாகச் சரிசெய்தார்கள். தனியார் பாதைகளிலும் பாலங்களிலும் மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், அதற்கென்று தனி நிவாரணத் திட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தச் சமப்படுத்திய மேடையைக் கவனியுங்கள். மலைப்பக்கம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளப்பக்கம் தள்ளித்தான் மேடை செய்வார்கள். வெட்டிய பாதி கெட்டியாக இருக்கும். தள்ளிய பாதியில் மரக்கட்டைகளையும் வேர்களையும் சேர்த்துப் புதைத்திருந்தால் அவை மக்கும்போது மண் இறங்கும், பெருமழையில் வழுக்கும். மேடையின் வெளி ஓரத்தில் விரிசல், சாய்ந்த மரம், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மண் பொறியாளரை வைத்துத் துளை போட்டுப் பார்க்கும் செலவு வீட்டுச் செலவில் ஒன்றுமே இல்லை.

தீயையும் விட்டுவிடாதீர்கள். ஹெலீனில் மாநிலத்தில் 8,22,000 ஏக்கர் காடு சேதமானது என்று வனத் துறை கணக்கிட்டது. விழுந்த மரங்கள் காய்ந்து கிடக்கின்றன. 2025 மார்ச்சில் போல்க், ஹென்டர்சன் கவுண்டிகளில் பிடித்த தீக்கு அந்த மரங்களும் விறகாயின. தெற்குச் சரிவு சீக்கிரம் காயும், தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். வீட்டைச் சுற்றி, முக்கியமாகக் கீழ்ச்சரிவில், 30 அடியாவது சுத்தமாக வையுங்கள். ஆடு அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

வரைபடப்பிரியன்:

சாலை யாருடையது என்ற வரியை என் அட்டவணையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் தூரத்தையும் சேர்த்திருக்கிறேன். இனி கவுண்டிக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டிவிட்டு, நிலத்துக்குத் தனியாகப் போடப்போகிறேன்.

கிணற்றடி:

7 ஏக்கரில் ஓடை இல்லை என்கிறீர்கள், ஊற்று பற்றியும் சொல்லவில்லை. அப்படியானால் கிணறுதான் எல்லாம். கொட்டகையின் கூரை மழைநீரைத் தோட்டத்துக்குப் பிடியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழைக்கு 600 காலனுக்குக் கொஞ்சம் மேலே விழும். இங்கே யாரும் தடுக்க மாட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு ஒரு காலன் என்பது அடிப்படைக் கணக்கு. உங்கள் ஐந்து பேருக்கு மூன்று வாரம் என்றால் 105 காலன், ஆடுகளுக்குத் தனி.

பழைய புகையிலை நிலம் என்பதால் கிணற்றுத் தண்ணீரைக் கிருமிக்கு மட்டும் பரிசோதித்து நிறுத்தாமல், பூச்சிமருந்து, நைட்ரேட், ஈயம், ஆர்சனிக் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கொட்டகைக்குள் பழைய மருந்து டப்பாக்கள் இருந்தால் கையால் தொடாமல் கவுண்டி விரிவாக்க அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், பழைய பூச்சிமருந்துகளை வாங்கிக்கொள்ள வேளாண்மைத் துறையின் ஏற்பாடு இருக்கிறது. அதை முடித்துவிட்டு அம்மாவின் ஆட்டை உள்ளே விடுங்கள்.